அழுக்கு என்று சொன்னேன்

கட்டர் டிப்பின் ஆயுளைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் நான் டீ குடிக்கப் போய்விடுவேன். முப்பது வருஷத்துக்கு மேல் மில்லிங் மெஷினோடு குப்பை கொட்டியவன், தனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைப் பற்றிப் பேச்சு வரும்போது எழுந்து போகிறானே என்று கூட இருப்பவர்கள் நினைத்திருப்பார்கள். திமிர் என்று சிலர் சொன்னதும் என் காதுக்கு வந்தது. திமிர் இல்லை, வெட்கம். 1991-ல் நான் செய்த ஒரு காரியத்தை இன்றைக்கு நினைத்தாலும் காது மடல் சுடுகிறது.

அப்போது ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஆறு மெஷின், பதினைந்து பேர், சுற்றிலும் வயல். இப்போது அந்தச் சாலையைக் கடப்பதற்குள் கன்டெய்னர் லாரிகளுக்கு வழிவிட்டே ஆயுசு போய்விடும். அன்று மணிக்கு ஒரு பஸ், அதுவும் மனசு வைத்தால். அந்த வருஷம் மே மாதத்துக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை என்று வெளியூரில் யாரிடம் சொன்னாலும், "அங்கேயா?" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். எங்களுக்கோ வார்ப்பிரும்புக் காஸ்டிங் ஏற்றிய லாரி வந்ததா, கரன்ட் இருக்கிறதா என்பதுதான் கவலை.

நான் செட்டர். மெஷினில் கட்டரைப் பூட்டி, அளவு வைத்து, முதல் ஷிஃப்ட்டை நானே ஓட்டி, மதியத்துக்கு மேல் வருகிறவரிடம் ஒப்படைப்பது என் வேலை. வயது இருபத்தெட்டு. ஐ.டி.ஐ.யில் நல்ல மார்க். மூக்கு மேலே கோபம். நான் பூட்டிய கட்டரை வேறு யாராவது தொட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அந்த வருஷம்தான் முதலாளி புதுமாதிரி கட்டர் வாங்கினார். அதுவரை இருந்தது முழுசும் ஒரே இரும்பு. பல் மழுங்கினால் கழற்றிச் சாணை பிடிக்க கிண்டிக்கு அனுப்பிவிட்டு இரண்டு நாள் ஈ ஓட்ட வேண்டும். புதியது சப்பாத்திக் கல் மாதிரி வட்டமான உடம்பு. அதன் விளிம்பில் ஆறு பள்ளம். ஒவ்வொரு பள்ளத்திலும் தபால் தலையைவிடச் சின்னதாக, பொன்னிறப் பூச்சோடு ஒரு சதுர டிப் உட்காரும். டிப்புக்கு நாலு மூலை. ஒரு மூலை மழுங்கினால் ஸ்க்ரூவைத் தளர்த்தி அடுத்த மூலையைத் திருப்பிவிட்டால் போதும், வேலை நிற்காது. டிப் உட்காரும் அந்தப் பள்ளத்தை சீட் என்போம். இந்தக் கதை முழுக்க அந்தச் சீட்டுக்குள்தான் நடக்கிறது.

கட்டரைக் கொண்டுவந்து கொடுத்த விற்பனை இன்ஜினியர் எங்களை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். டிப் நாள்பட உழைக்க வேண்டுமென்றால் பயந்து பயந்து மெதுவாக ஓட்டாதே, வெட்டாமல் உரசிக்கொண்டே இருந்தால் அது சீக்கிரம் தேயும். வார்ப்பிரும்புக்குத் தண்ணி ஊற்றாதே, உலர்வாகவே வெட்டு. எல்லாவற்றையும்விட முக்கியம், ஆறு டிப்பும் ஒரே மட்டத்தில் உட்கார வேண்டும். ஒன்று மட்டும் தலைமுடி அளவு தூக்கி நின்றால்கூட அடி எல்லாம் அதற்குத்தான். அது உடையும். அதன் பங்கையும் சேர்த்து வெட்டி அடுத்தது உடையும். இப்படி வரிசையாகப் போய்விடும் என்றார். எல்லாம் தெரிந்தவன் மாதிரி நான் தலையாட்டினேன்.

முதலாளி ஒரு டிப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "தங்கம் மாதிரி இருக்கு, விலையும் அப்படித்தான். பார்த்துக்கோ" என்று என் கையில் கொடுத்தார். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

இரண்டாவது ஷிஃப்ட் ஓட்டியவர் என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். ஒரகடத்தைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம். கிறிஸ்தவக் குடும்பம், இரண்டு பெண் குழந்தைகள். கொஞ்சம் நிலத்தில் குத்தகைக்குப் பயிர் வைத்துக்கொண்டிருந்தவர் அம்பத்தூரில் நாலு வருஷம் மெஷின் பழகிவிட்டு, வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை என்று எங்களிடம் வந்தார். ஆறு மாதம் தற்காலிகம். அது முடிந்ததும் பெர்மனென்ட் ஆக்குவதா, அனுப்பிவிடுவதா என்று முதலாளி முடிவு செய்வார். அதற்கு என் ரிப்போர்ட்டைத்தான் கேட்பார் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பெர்மனென்ட் ஆனால் மூத்த பெண்ணை மறைமலை நகரில் நல்ல ஸ்கூலில் சேர்க்க வேண்டும் என்று ஒருமுறை சொல்லியிருந்தார். சொன்னபோது கெஞ்சுகிற தொனியே இல்லை. பேச்சுவாக்கில் வந்ததுதான்.

நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். என் மேல் அவருக்குப் பயம் கிடையாது. அது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவரிடம் ஒரு பழக்கம். பழைய வேட்டித் துணியை ரிப்பன் மாதிரி கிழித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார். டிப்பின் மூலையைத் திருப்பும்போதெல்லாம் டிப்பைக் கழற்றி, சீட்டை வாயால் ஊதி, அந்தத் துணியை விரல் நகத்தில் சுற்றி மூலை மூலையாகத் துடைப்பார். அப்புறம்தான் டிப்பை வைத்துப் பூட்டுவார். காது குடைகிறவர் மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதைச் செய்வதைப் பார்த்தால் சிரிப்பு வரும். "இன்னாண்ணா, உள்ளே புதையலா கீது?" என்று கேலி செய்வேன். "உன் கண்ணுக்குத் தெரியாத தூசு கீது தம்பி" என்பார். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை எங்கள் டிப்புகள் நன்றாக உழைத்தன. முதலாளியிடம் அந்தப் பெருமையை நான் வாங்கிக்கொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. முந்தின நாள் மெஷின்களை நிறுத்திச் சுத்தம் செய்தோம். கட்டரைக் கழுவியது அவர்தான். ஆறு டிப்பையும் கழற்றி வைத்துவிட்டு, மண்ணெண்ணெயில் பல் தேய்க்கிற பிரஷ்ஷை முக்கி, சீட் ஆறையும் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டார். மறுநாள் காலையில் சாமி படத்துக்கு முன்னால் மேசை போட்டு, ஸ்பேனர், வெர்னியர், மைக்ரோமீட்டர் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தோம். நடுவில் கட்டர். சந்தனம் குழைத்தவன் நான். வைத்தவனும் நானே.

பழைய கட்டராக இருந்தால் மேலே ஒரு பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்து முடித்திருப்பேன். இந்த முறை எனக்கு ஒரு யோசனை உதித்தது. மேலே வைத்தால் இரண்டு நாளில் இரும்புத்தூளோடு போய்விடும். உள்ளே வைத்தால் இருக்கும். ஆறு சீட்டுக்குள்ளும், டிப் வந்து உட்காருகிற இடத்தில், ஆறு பொட்டு வைத்தேன். மோதிர விரலால், பார்த்துப் பார்த்து, முழு பக்தியோடு. பூஜை முடிந்த மறுநாள் காலை, காய்ந்துபோன அந்தப் பொட்டுகளின் மேலேயே டிப்புகளை வைத்து ஸ்க்ரூவை முறுக்கினேன். துடைக்க வேண்டும் என்று தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. சாமிக்கு வைத்ததை அழிப்பானேன், ஒரு பொட்டுச் சந்தனம் என்ன செய்துவிடும் என்று இருந்துவிட்டேன். தலைமுடி அளவு என்று அந்த இன்ஜினியர் படித்துப் படித்துச் சொன்னதெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

பூஜை அன்று அவரும் வந்திருந்தார். கற்பூரம் காட்டும்போது கொஞ்சம் தள்ளி, வாசல் பக்கமாகக் கைகட்டி நின்றார். பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டார். பூசணிக்காய் உடைத்த இடத்தை அவர்தான் கூட்டி அள்ளினார். இதை இவ்வளவு விவரமாக ஏன் சொல்கிறேன் என்பது இப்போது தெரிந்துவிடும்.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து டிப் உடைய ஆரம்பித்தது. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே சத்தம் மாறும், நிறுத்திப் பார்த்தால் ஒரு மூலை சில்லாகப் பெயர்ந்திருக்கும். அதைத் திருப்பினால் பக்கத்தில் இருப்பது போகும். என் ஷிஃப்டிலும் உடைந்தது, அவர் ஷிஃப்டிலும் உடைந்தது. என் ஷிஃப்டில் உடைந்தால் காஸ்டிங்கில் மணல் ஒட்டியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, சீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல், டிப் கணக்கு நோட்டிலும் எழுதாமல் மூலையைத் திருப்பிவிடுவேன். அவர் ஷிஃப்டில் உடைந்ததை அவரே நேர்மையாக எழுதி வைத்துவிட்டுப் போவார். காலையில் வந்து அதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வேன். நோட்டைப் பார்த்தால் முழுக்க அவர் ஷிஃப்டுதான் உடைத்திருக்கும். நான் பொய் எழுதவில்லை, எழுதாமல் விட்டேன், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனித்தேன். ஒருநாள் அவர் டிப்பைத் திருப்பும்போது நான் பக்கத்தில் இருந்தேன். ஸ்க்ரூவைத் தளர்த்தி டிப்பைக் கையில் எடுத்தார். சீட்டைப் பார்த்தார். கை சட்டைப் பைக்குப் போய், பாதியில் நின்றது. ஊதவில்லை, துடைக்கவில்லை. டிப்பைத் திருப்பி அப்படியே வைத்துப் பூட்டிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. பெர்மனென்ட் ஆகிற நேரம் நெருங்கிவிட்டதல்லவா, ஐயாவுக்கு அலட்சியம் வந்துவிட்டது என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டேன். ஏன் துடைக்கவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க என் கௌரவம் விடவில்லை.

தீபாவளி முடிந்து முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். டிப் டப்பா காலியாகிக்கொண்டே போவது அவருக்கு வயிற்றெரிச்சல். அண்ணாவிடம்தான் முதலில் கேட்டார்.

"இன்னாய்யா, ஏன் இப்பிடி ஒடையுது?"

அவர் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்து, "தெரியல சார்" என்றார். மாட்டிக்கொண்டவன் முழிக்கிற முழி என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அவரை வெளியே அனுப்பிவிட்டு முதலாளி என்னைக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். முன்னெல்லாம் துடைப்பார் சார், இப்போது துடைப்பதில்லை என்றேன். அது உண்மை. நோட்டைக் காட்டினேன். அதையும் உண்மை என்று சொல்லிக்கொள்ளலாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை.

"பூஜைக்குக்கூட வாசல்லதான் சார் நின்னாரு. மெஷின் மேல ஒரு மரியாதை இருந்தாத்தானே கை ஒழுங்கா வரும்?"

முதலாளி நோட்டை மூடி வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த வாக்கியம் அந்த அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. வார முடிவில் அண்ணாவை அனுப்பிவிட்டார்கள். போகும்போது கட்டர் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, "வரேன் தம்பி" என்றார். மெஷினை ஒருமுறை கையால் தடவிப் பார்த்தார். நான் வெர்னியரைத் துடைத்துக்கொண்டிருப்பதுபோல் பாவனை செய்தேன்.

அவர் போன பிறகும் டிப் உடைந்தது. புதிதாக வந்தவர் கையிலும் உடைந்தது, என் கையிலும் உடைந்தது. இப்போது நோட்டில் எழுதாமல் இருக்க முடியவில்லை. முதலாளி போன் போட்டு விற்பனை இன்ஜினியரை வரவழைத்தார். சென்னையிலிருந்து பைக்கில் தூசியும் தும்புமாக வந்து இறங்கினார். மெஷினைப் பார்க்கவில்லை, காஸ்டிங்கைப் பார்க்கவில்லை. நேராகக் கட்டரைக் கழற்றச் சொன்னார். ஒரு டிப்பை எடுத்துவிட்டு, சட்டைப்பையில் குத்தியிருந்த குண்டூசியால் சீட்டைக் கீறினார். உள்ளே இரும்புத்தூளோடு சேர்ந்து சூட்டில் இறுகிக் கறுப்பாகக் கிடந்த ஒன்று பொருக்காகப் பெயர்ந்தது. அடியில் மஞ்சள். விரலில் எடுத்து மோந்து பார்த்தார்.

"இன்னா சார் இது, சந்தனமா?"

மற்ற ஐந்தையும் திறந்தோம். ஆறிலும் இருந்தது. அவர் சிரித்தார். நல்ல மனுஷன், கேலி செய்யவில்லை. "மேல வையுங்க சார், உள்ள வேணாம்" என்று சொல்லிவிட்டு டீ சாப்பிட்டுக் கிளம்பிவிட்டார். ஆறு சீட்டையும் நானே சுரண்டி, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன். நகத்தில் துணியைச் சுற்றி, அண்ணா செய்த மாதிரியே. அன்றிலிருந்து டிப் உடையவில்லை.

சாயங்காலம் முதலாளி கேட்டார்.

"கண்டுபுடிச்சாரா? இன்னாவாம்?"

சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. சந்தனம், சார். நான் வெச்சது, சார். அவ்வளவுதான். சொல்லியிருந்தால் திட்டியிருப்பார், தலையில் அடித்துக்கொண்டிருப்பார். ஆனால் அண்ணாவைத் திரும்பக் கூப்பிட ஆள் அனுப்பியிருப்பார். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்:

"சீட்ல அழுக்கு சார்."

"அழுக்கா? அப்போ அந்த ஆளு தொடைக்காமதான் வுட்டுட்டுப் போயிருக்கான்."

"ஆமா சார்" என்றேன்.

மோதிர விரலால் பார்த்துப் பார்த்து வைத்ததற்கு அழுக்கு என்று பெயர் வைத்தேன். அந்த அழுக்கையும் அங்கே இல்லாத ஒருவர் தலையில் கொட்டினேன். என் சாமியையும் காட்டிக்கொடுத்தேன், அந்த மனிதரையும் காட்டிக்கொடுத்தேன். வீட்டுக்குப் போய் வழக்கம்போல் சாப்பிட்டேன், தூங்கினேன். அதுவும் வெட்கம்தான்.

கிறிஸ்மஸுக்கு நாலு நாள் முன்னால் படப்பை பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். தாம்பரத்தில் ஒரு குடோனில் மூட்டை இறக்குகிற வேலை பார்க்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். தோளில் துண்டு, கையில் காகித நட்சத்திரம் ஒன்று, மடக்கி ரப்பர் போட்டது. நான் சட்டென்று ஒரு பெட்டிக்கடைப் பக்கம் திரும்பிப் பீடிக்கட்டு விலை விசாரிக்க ஆரம்பித்தேன். எனக்குப் பீடிப் பழக்கமே கிடையாது.

"தம்பி! இன்னா, கண்ணு தெரியலியா?"

பக்கத்தில் வந்து தோளில் கை போட்டார். வேலை எப்படி, வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டார். பிறகு சாதாரணமாக, "டிப்பு இன்னும் ஒடையுதா?" என்றார்.

"இல்லண்ணா. சரியாயிடுச்சு."

"எடுத்துட்டியா?"

எதை என்று நான் கேட்கவில்லை. கேட்காததிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியுமாண்ணா?"

"தெரியாம இன்னா? பூஜை முடிஞ்ச வாரமே பார்த்தேன். டிப்பக் கெழட்டுனா உள்ள பொட்டு. துணிய எடுத்துட்டேன், அப்புறம் கை வரல. நீ கும்புட்டு வெச்சது. நான் போய்ச் சொரண்டுனா நல்லாவா இருக்கும்? நாளைக்கு எவனாச்சும், நம்ம சாமி பொட்ட அந்த ஆளு அழிச்சிட்டான்னுவான்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"நீயே எடுப்பேன்னு பார்த்துக்கினே இருந்தேன்."

"அன்னைக்கு மொதலாளி கேட்டப்ப?"

"நீ பக்கத்துல நின்னுகினு இருந்தியே தம்பி. நீ சொல்லுவேன்னு நெனச்சேன்."

அவர் குரலில் குத்தல் இல்லை. குத்தியிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டாவது தப்பித்திருப்பேன். அதை அழுக்கு என்று நான் சொன்னது அவருக்குத் தெரியாது. மரியாதை இல்லாதவர் என்று சொன்னதும் தெரியாது. அந்தப் பொட்டைத் தொடாமல் விட்டதற்காக வேலையை இழந்த மனிதர், அது எப்படிப் போனது என்று அக்கறையாகக் கேட்கிறார்.

"எதுல எடுத்த? தண்ணியிலியா?"

"ஆமாண்ணா. தண்ணியிலதான்" என்றேன். அதுவும் பொய்; சாமிக்கு வைத்ததை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவியிருந்தேன்.

"நல்லது" என்று தலையாட்டினார். மறைமலை நகர் ஸ்கூல் என்ன ஆயிற்று என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. அதற்குள் ஒரகடம் பஸ் வந்துவிட்டது. கூட்டம். அவர் முதலில் ஏறி, நட்சத்திரம் கசங்காமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை என் பக்கம் நீட்டினார்.

"ஏறு தம்பி, எடம் கீது."

எனக்கும் போக வேண்டிய பஸ் அதுதான். வேறு வேலை இருக்கிறது என்று சொல்லி அங்கேயே நின்றுவிட்டேன்.